எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் கொட்டும் முடி: ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 34. 5 மாதங்களுக்கு முன் இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் 'ஸ்லீவ்' அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 112 கிலோவாக இருந்த எடை இப்போது 86 கிலோ. சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது, மூட்டுவலி குறைந்திருக்கிறது. ஆனால் கடந்த 6 வாரங்களாகத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. பயோட்டின் 10 மில்லிகிராம் மாத்திரையும், முடிக்கென்று விற்கும் கம்மி மிட்டாயும் சாப்பிடுகிறேன். மருத்துவமனையில் கொடுத்த புரதப் பொடியின் வாசனை குமட்டியதால் விட்டுவிட்டேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், மாலையில் ராகிக் கஞ்சி. தங்கையின் திருமணம் 3 மாதத்தில் வருகிறது. அதற்குள் இன்னும் 10 கிலோ குறையட்டும் என்று இரவில் எதுவும் சாப்பிடுவதில்லை. முட்டை மட்டும் சேர்த்துக்கொள்ளும் சைவக் குடும்பம் எங்களுடையது. ஹீமோகுளோபின் 10.4, ஃபெரிட்டின் 11. தைராய்டு, இரும்பு, கால்சியம், சத்து மாத்திரை எல்லாவற்றையும் மறந்துவிடாமலிருக்கக் காலைக் காபியோடு சேர்த்துப் போட்டுவிடுகிறேன். போன மாதம் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) மிகக் குறைவாக வந்ததால் தைராய்டு மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார்கள். "ஆபரேஷன் செய்துகொண்டதால்தான் இந்தக் கதி" என்கிறார் மாமியார். எனக்கு வழுக்கை விழுந்துவிடுமா? ஒரு முடி சிகிச்சை மையத்தில், நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துத் தலையில் போடும் பி.ஆர்.பி. ஊசியை 6 முறை போடச் சொல்கிறார்கள், போடலாமா? சமயபுரத்தில் முடி இறக்கினால் மறுபடி அடர்த்தியாக வளரும் என்று அம்மா சொல்வது உண்மையா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில், அறுவை சிகிச்சைக்குப் பின் மூன்று, நான்கு மாதம் கழித்துத் தலை முழுவதும் பரவலாகத் தொடங்கும் முடி உதிர்வில் வழுக்கை விழுவதில்லை. உதிர்வது முடிதான், அது முளைக்கும் வேர்ப்பை தோலுக்குள் உயிரோடு இருக்கிறது, அதிலிருந்து புது முடி வரும். எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இப்படி நேர்ந்திருக்கிறது. அறுவைக்கு முன்பே இதை ஒருவர் உங்களிடம் உட்கார்ந்து விளக்கிச் சொல்லியிருந்தால் பாதிப் பயம் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஏன் அறுவை முடிந்த உடனே கொட்டாமல் மாதக்கணக்கில் காத்திருந்து கொட்டுகிறது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும். மீதி வளர்ச்சியை நிறுத்தி, சுமார் 3 மாதம் ஓய்வில் இருந்து, பிறகு புது முடிக்கு இடம் விட்டு உதிரும். அதனால்தான் நலமாக இருப்பவருக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்கிறது. பெரிய அறுவை, கடும் காய்ச்சல், பிரசவம், திடீர்ப் பட்டினி போன்ற ஏதாவது ஒன்று உடலைத் தாக்கும்போது, உயிர் பிழைப்பதற்கு முடி தேவையில்லை என்பதால் அதற்குப் போகும் சத்தை உடல் முதலில் நிறுத்துகிறது; வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும் பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. அந்த ஓய்வு முடியும்போது எல்லாம் சேர்ந்து உதிர்கின்றன. 1961-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் இதைத் தனி நிலையாக விவரித்து, டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயரிட்டார். நம் வீடுகளில் இது அதற்கு முன்பே தெரிந்த சங்கதி. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று பாட்டிகள் சொல்வார்கள். குழந்தை அப்படிச் சிரிப்பதும், பிரசவத்தின்போது ஓய்வுக்குப் போன முடி உதிர்வதும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் நடக்கின்றன. கொரோனாவிலிருந்து மீண்டவர்கள் பலருக்கும் சில மாதம் கழித்து முடி கொட்டியதற்கும் இதுவே காரணம்.

ஆகவே உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அறுவை சிகிச்சையும் அதன் பின் வேகமாகக் குறைந்த 26 கிலோவும்தான் இதைத் தொடங்கிவைத்தன. வழக்கமாக இது 3 முதல் 6 மாதம் நீடித்துத் தானாகவே அடங்கிவிடும். இப்போது குளியலறையில் நீங்கள் பார்க்கும் முடி 3 மாதத்துக்கு முன்பே உதிர முடிவாகிவிட்ட முடி. எந்த மருந்தாலும் அதைத் தலையில் பிடித்துவைக்க முடியாது. ஆனால் இன்று நீங்கள் சாப்பிடுவதும் சாப்பிடாததும் இன்னும் 3 மாதம் கழித்து உதிரப்போகும் முடியைத் தீர்மானிக்கின்றன. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படவைத்த பகுதி அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் எழுதியிருக்கும் ஒரு நாள் உணவைக் கணக்கிட்டுப் பார்த்தேன். இரண்டு இட்லியில் 4 கிராம் புரதம், காபியின் பாலில் 3 கிராம், ரசம் சாதத்தில் 2 கிராம், ராகிக் கஞ்சியில் மோர் சேர்த்தாலும் 3 அல்லது 4 கிராம். எல்லாம் சேர்த்து 15 கிராமைத் தாண்டவில்லை. இந்த அறுவைக்குப் பின் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை; 80 வரை போனாலும் நல்லது. முடி என்பதே கெரட்டின் என்ற புரதம். காற்பங்குப் புரதத்தை வைத்துக்கொண்டு உடல் தசையைக் காப்பதா, காயத்தை ஆற்றுவதா, முடியை வளர்ப்பதா என்று வந்தால் முடிக்குக் கடைசி இடம்தான் கிடைக்கும். ரசம் சாதமும் கஞ்சியும் சுலபமாக இறங்குகின்றன, வயிற்றைப் புரட்டுவதில்லை என்பதால் அறுவை முடிந்த பலர் அவற்றிலேயே தங்கிவிடுகிறார்கள். சிறுத்துப்போன இரைப்பையில் இருக்கும் கொஞ்ச இடத்தையும் அவை அடைத்துக்கொள்ளும்போது, சத்துள்ள உணவுக்கு இடமில்லாமல் போகிறது.

இரவு உணவைத் தவிர்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். 5 மாதத்தில் 26 கிலோ என்பது நல்ல வேகம். அதற்குமேல் பட்டினி கிடந்து இறக்கும் எடையில் கொழுப்போடு தசையும் போகும், அந்தப் பட்டினியே இன்னொரு தாக்குதலாகி, அடங்கவேண்டிய முடி உதிர்வை மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவைக்கும். திருமணத்துக்கு 10 கிலோ குறைவாகவும் முடி நிறைவாகவும் போய் நிற்பது இந்த மூன்று மாதத்தில் நடக்கிற காரியமல்ல. பட்டினி கிடந்தால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

எப்படிச் சாப்பிடுவது என்று பார்ப்போம். எந்த வேளையிலும் தட்டில் புரதம் எதுவோ அதை முதலில் சாப்பிடுங்கள். சாதமும் இட்லியும் மீதி இடத்துக்கு வரட்டும். காலையில் இரண்டு முட்டை சாப்பிட்டால் 12 கிராம் வந்துவிடும். முட்டையின் வாசனை ஒத்துக்கொள்ளாவிட்டால், மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுப் பொடிமாஸாகச் செய்து பாருங்கள், அவித்த முட்டையைவிட அது பலருக்குச் சுலபமாக இறங்குகிறது. முற்பகலில் 50 கிராம் பன்னீர் 9 கிராம் தரும். மதியம் ரசத்துக்குப் பதிலாகக் கெட்டியான பருப்பை, சாதம் பேருக்கு மட்டும் இருக்கும்படி சாப்பிடலாம். மாலையில் நன்றாக வெந்த கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ அரைக் கிண்ணம் சுண்டலாகச் சாப்பிட்டால் 7 கிராம். இரவில் துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிர், அல்லது 20 கிராம் மீல்மேக்கரை ஊறவைத்துப் பிழிந்து, பொடியாக நறுக்கிச் செய்த கூட்டு. அதில் 10 கிராம் கிடைக்கும். ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று, நிதானமாக, சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னும் பின்னும் தண்ணீர் குடிக்காமல் சாப்பிடவேண்டும் என்பதை மருத்துவமனையில் சொல்லியிருப்பார்கள்.

இவையெல்லாம் சேர்ந்தும் முதல் சில மாதங்களில் 60 கிராமைத் தொடுவது கடினம் என்பதால் புரதப் பொடியை விட்டுவிட முடியாது. குமட்டலுக்குப் பெரும்பாலும் அதிலுள்ள வனிலா, சாக்லேட் வாசனையும் செயற்கை இனிப்புமே காரணம். வாசனை சேர்க்காத, பாலிலிருந்து எடுக்கும் வே புரதத்தை வாங்கி, உப்பும் சீரகத்தூளும் கறிவேப்பிலையும் போட்ட மோரில் ஓர் அளவுக்கரண்டி கலந்து, ஒரே மூச்சில் குடிக்காமல் ஒரு மணி நேரத்துக்குச் சிறுகச் சிறுகக் குடித்துப் பாருங்கள். பெரும்பாலான பொடிகளில் ஓர் அளவுக்கரண்டிக்கு 20 கிராமுக்குமேல் புரதம் இருக்கும். கொதிக்கும் ரசத்தில் போட்டால் திரிந்து கட்டியாகிவிடும், ஆறிய பிறகுதான் கலக்கவேண்டும்.

அடுத்து இரும்பு. ஃபெரிட்டின் என்பது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு. 30-க்குக் கீழே இருந்தாலே பற்றாக்குறை. முடி உதிர்வைப் பார்க்கும் மருத்துவர்கள் பலர் அதற்கும் மேலாக 40-ஐத் தாண்டவேண்டும் என்று விரும்புவார்கள். உங்களுக்கு 11. ஹீமோகுளோபினும் பெண்களுக்கான 12-க்குக் கீழே இருப்பதால், சேமிப்பு தீர்ந்து ரத்தசோகை வரை வந்துவிட்டது என்று பொருள். ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்குமேல் நீக்கப்படுவதால் அமிலம் குறைந்து, உணவிலுள்ள இரும்பும் பி12-உம் முன்புபோல் உடலில் சேர்வதில்லை. மாதவிலக்கில் போகும் இரும்பு அதற்குமேல். மாதவிலக்கு அதிகமாக இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். மாத்திரையில் 2 மாதத்தில் ஃபெரிட்டின் ஏறாவிட்டால் டிரிப்ஸில் இரும்பு ஏற்றும் வழி இருக்கிறது, அதைக் கேட்கத் தயங்கவேண்டாம்.

ஆனால் நீங்கள் இப்போது விழுங்கும் இரும்பு மாத்திரை பெரும்பாலும் வீணாகிறது. கால்சியம் இரும்பைத் தடுக்கிறது, காபி இரும்பைத் தடுக்கிறது, இரும்பும் கால்சியமும் காபியும் சேர்ந்து தைராய்டு மாத்திரையைத் தடுக்கின்றன. மறக்கக்கூடாது என்று நீங்கள் செய்த ஏற்பாடு எல்லா மாத்திரைகளையும் ஒன்றோடொன்று மோதவிட்டிருக்கிறது. காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையைத் தண்ணீரோடு மட்டும் போட்டுவிட்டு, காபியை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். கால்சியம் தைராய்டு மாத்திரையிலிருந்து குறைந்தது 4 மணி நேரம் விலகியிருக்கவேண்டும். எனவே 11 மணிக்கு ஒரு வேளையும் மாலை 5 மணிக்கு ஒரு வேளையும் என்று பிரித்துக்கொள்ளலாம். அட்டையைப் பார்த்து அது கால்சியம் சிட்ரேட்தானா என்று உறுதிசெய்யுங்கள், அமிலம் குறைந்த இரைப்பையில் கார்பனேட்டைவிட அதுவே நன்றாகச் சேரும். சத்து மாத்திரை மதிய உணவோடு. இரும்பு இரவு 9 மணிக்கு, பாலோடு இல்லாமல், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு. ஒவ்வொரு மாத்திரை நேரத்துக்கும் அலைபேசியில் மணி ஒலிக்க வைத்துக்கொண்டால் மறதிக்கு இடமிராது.

பயோட்டின் விஷயம் இதைவிட முக்கியமானது. பயோட்டின் முடி வளர்ச்சிக்கு வேண்டிய ஒரு வைட்டமின்தான். ஆனால் ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 30 மைக்ரோகிராம். நீங்கள் எடுப்பது அதைப்போல் 300 மடங்குக்கும் மேல். உங்கள் நிலையில் குறைவது புரதமும் இரும்பும் என்பது எண்களிலேயே தெரிகிறது. குறைவில்லாத பயோட்டினைக் கொட்டுவதால் முடி நிற்காது. அது வெறும் பணவிரயம் என்றால் நான் இவ்வளவு நீட்டி எழுதமாட்டேன். ரத்தத்தில் அளவுக்கு மிஞ்சிய பயோட்டின் இருந்தால் சில ஆய்வகக் கருவிகளில் தைராய்டு பரிசோதனை தவறாக வரும்: டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகவும், தைராய்டு ஹார்மோனான தைராக்சின் உண்மையைவிடக் கூடுதலாகவும் காட்டும்; மாத்திரை அளவுக்கு மிஞ்சியதுபோல் தோன்றும். மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் பரிசோதனையையும் இது குழப்பும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்தது. உங்களுக்குப் போன மாதம் டி.எஸ்.எச். குறைந்து வந்ததும் அதை வைத்து மாத்திரையின் அளவைக் குறைத்ததும் இதனால் நேர்ந்த பிழையாக இருக்கலாம். எடை குறையும்போது தைராய்டு மாத்திரையின் தேவை உண்மையிலேயே குறைவதும் உண்டு, எனவே மருத்துவர் செய்தது சரியாகவும் இருக்கலாம். எது என்பதை அறிய ஒரே வழி, பயோட்டினையும் கம்மியையும் நிறுத்திக் குறைந்தது 3 நாள் கழித்து மறுபடி பரிசோதிப்பதுதான். தைராய்டு குறைவாக இருந்தால் அதுவே முடியைக் கொட்டவைக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். நான் உணவியல் நிபுணர். மாத்திரையின் அளவை மாற்றும் பொறுப்பு உங்கள் மருத்துவருடையது. அவரிடம் "நான் 10 மில்லிகிராம் பயோட்டின் எடுத்துக்கொண்டிருந்தேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கடையில் சீட்டில்லாமல் வாங்கியதை மருத்துவரிடம் யாரும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை.

அதே ரத்தப் பரிசோதனையில் பி12, வைட்டமின் டி, ஃபோலேட், துத்தநாகம், அல்புமின் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கம்மி மிட்டாயில் துத்தநாகம், செலினியம், வைட்டமின் ஏ இருக்கலாம். சத்து மாத்திரையிலும் அவை இருந்தால் இரட்டிப்பாகும். செலினியமும் வைட்டமின் ஏ-யும் மிகுந்தால் அவையே முடியை உதிரவைக்கும், துத்தநாகம் மிகுந்தால் தாமிரம் குறையும். கம்மியை நிறுத்திவிடலாம்.

பி.ஆர்.பி. ஊசி உங்களுக்கு இப்போது தேவையில்லை. தானாக நிற்கும் உதிர்வுக்கு 6 முறை ஊசி போட்டால் ஆறாவது ஊசியின்போது உதிர்வு நின்றிருக்கும், பெயர் ஊசிக்குப் போகும். அந்தப் பணத்தைப் புரதப் பொடிக்கும் பரிசோதனைகளுக்கும் செலவிடலாம். முடி வளர்வதற்கான மினாக்ஸிடில் மருந்தைப் பற்றி யாராவது சொன்னால், அதைத் தோல் மருத்துவர் பார்த்து எழுதித் தந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். தொடக்கத்தில் அது உதிர்வைச் சற்றுக் கூட்டும், கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் கூடாது. எப்படியும் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முடி இறக்குவதால் அடர்த்தி கூடாது. கத்தி தோலுக்கு மேலே வெட்டுகிறது, முடியின் எண்ணிக்கையும் தடிமனும் தோலுக்கு உள்ளே தீர்மானமாகின்றன. எல்லா முடியும் ஒரே நீளத்தில் முளைப்பதால் அடர்த்திபோல் தோன்றும், அவ்வளவே. அதே சமயம் அதனால் கெடுதலும் இல்லை. சமயபுரத்தாளுக்கு வேண்டுதல் என்றால் அது உங்களுக்கும் அம்மனுக்கும் இடையிலான விஷயம், அதில் நான் தலையிடமாட்டேன். மருத்துவம் என்று எண்ணி மட்டும் செய்யவேண்டாம். கரிசலாங்கண்ணித் தைலமும் அப்படித்தான்: மெதுவாகத் தேய்த்தால் முடி சிக்காமல் இருக்கும், வேருக்கு உணவாகாது. வெங்காயச் சாறு சிலருக்குத் தோலை எரித்துவிடுகிறது, அதைத் தவிர்த்துவிடுங்கள். முடி கொட்டுமோ என்ற பயத்தில் தலைக்குக் குளிப்பதைத் தள்ளிப்போடுவதாலும் பயனில்லை. ஓய்வு முடிந்த முடி இன்று வராவிட்டால் நான்காம் நாள் மொத்தமாக வந்து உங்களை இன்னும் பயமுறுத்தும்.

தங்கையின் திருமணத்தின்போது உங்களுக்கு அறுவை முடிந்து 8 மாதம் ஆகியிருக்கும். இன்றிலிருந்து சாப்பாடு சரியானால் அதற்குள் உதிர்வு பெரும்பாலும் குறைந்திருக்கும். முன்நெற்றியில் குட்டை முடிகள் குத்திட்டு நிற்பதைப் பார்க்கலாம். ஆனால் முடி மாதத்துக்கு 1 சென்டிமீட்டர்தான் வளரும், பழைய அடர்த்தி அன்றைக்குத் திரும்பியிருக்காது. பின்னலின் கனம் பழையபடி வர ஓராண்டுக்கும் மேலாகும். இப்போதே தோள்வரை வெட்டிக்கொண்டால் அடர்த்தி குறைந்தது தெரியாது. வகிட்டை நடுவிலிருந்து சற்று ஓரமாக மாற்றுவதும் உதவும். திருமணத்தன்று பின்னல் வேண்டுமென்றால், நம் பெண்கள் காலங்காலமாக வைத்துக்கொள்ளும் சவுரி இருக்கவே இருக்கிறது. கனமில்லாததாக வாங்கி, இழுத்துக் கட்டாமல், முகூர்த்தம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். மல்லிகைச் சரத்தையும் சவுரியின்மேல் குத்தினால் உங்கள் சொந்த முடியில் பாரம் ஏறாது. முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங், ரீபாண்டிங் போன்றவற்றுக்கு அழகு நிலையத்தில் என்ன சலுகை தந்தாலும் இந்த ஆண்டு வேண்டாம்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் காத்திருக்கக்கூடாது. வாந்தி சில நாள்களுக்கு விடாமல் தொடர்ந்தால், அல்லது நடை தள்ளாடி, பார்வை இரட்டையாகத் தெரிந்தால், அன்றே அறுவை செய்த மருத்துவமனைக்குப் போகவேண்டும். அது தையமின் என்ற பி1 குறைபாட்டின் அடையாளமாக இருக்கலாம், தாமதித்தால் மூளையைப் பாதிக்கும். கால் வீக்கம் புரதக் குறைவையும், பாதத்தில் மரமரப்பு பி12 அல்லது தாமிரக் குறைவையும் காட்டலாம். தலையில் காசளவுக்கு வட்டமாக முடி போனால் அது புழுவெட்டாக இருக்கலாம், அது வேறு நோய். நடு வகிடு மட்டும் நாளுக்கு நாள் அகன்றுகொண்டு போனால், முன்பே சினைப்பை நீர்க்கட்டித் தொல்லை இருந்தவர்களுக்குக் கூடுதலாக வரும் பரம்பரை முடி மெலிவு இதனோடு சேர்ந்து வெளிப்பட்டிருக்கலாம். இவை இரண்டுக்கும் தோல் மருத்துவரைப் பாருங்கள். அறுவை முடிந்து ஓராண்டு ஆன பிறகும் உதிர்வு நிற்காவிட்டாலும், நின்றுவிட்டு மறுபடி தொடங்கினாலும், புதிய பரிசோதனை முடிவுகளோடு உங்கள் அறுவை மருத்துவரையும் உணவியல் நிபுணரையும் சேர்த்துச் சந்தியுங்கள். அப்போது ஒரு வாரம் சாப்பிட்டதை நேரத்தோடு எழுதிய தாளையும், வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.